ஒன்பது வருஷம் தனி ஆளாக டிசைன். இப்போது டீமில் சேரலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

(அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

மதுரை வில்லாபுரத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 34. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு சிம்மக்கல் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கோரலும் போட்டோஷாப்பும் பழகியவர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டார். அதிலிருந்து ஒன்பது வருஷமாக வீட்டிலிருந்தபடியே ஃப்ரீலான்ஸ் டிசைனர். இரண்டு ஜவுளிக் கடை, மூன்று மெஸ், ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி, சிவகாசி அச்சகம் ஒன்றின் வழியாக வரும் கல்யாணக் கார்டுகள் என்று நிலையான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஆடியில் வரவு 15,000 ரூபாய்க்கு இறங்கும், தீபாவளிக்கு முன்னால் 80,000 வரை ஏறும். சராசரியாக மாதம் 45,000. மென்பொருள் சந்தா, நெட், கரண்ட், கம்ப்யூட்டர் செலவு எல்லாம் சேர்ந்து அதில் 7,000 போய்விடுகிறது. வெளியே நிற்கும் பாக்கி 2.3 லட்சம். வருமான வரி ரிட்டர்ன் இதுவரை போட்டதில்லை.

போன வைகாசியில் ஒரு கல்யாணக் கார்டில் முகூர்த்த நேரம் தவறாக விழுந்துவிட்டது. பெண் வீட்டார் வாட்ஸ்அப்பில் பார்த்து ஓகே சொன்ன ப்ரூஃப்தான். 800 கார்டுகளையும் மறுபடி அடித்துக் கொடுத்ததில் 14,000 ரூபாய் இவர் கையைக் கடித்தது.

இப்போது இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனம் தன் ஆறு பேர் டிசைன் டீமில் இவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்திருக்கிறது. சி.டி.சி. (நிறுவனம் ஓர் ஆளுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) ஆண்டுக்கு 5.4 லட்சம். இரண்டு வருஷ பாண்ட், இடையில் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும், ஒரிஜினல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும், வெளிவேலை கூடாது, 15 நாளில் சேர வேண்டும் என்பவை நிபந்தனைகள். டீம் லீடுக்கு வயது 27. "இது எனக்கு ஏற்றமா, இறக்கமா? அனுபவச் சான்றிதழ் இல்லாத ஒன்பது வருஷம் கணக்கில் வருமா? ராத்திரியில் பழைய கஸ்டமர் வேலையைப் பார்த்துக்கொண்டால் என்ன தப்பு? பாண்ட் கோர்ட்டில் செல்லாது என்று யூடியூபில் சொல்கிறார்களே, உண்மையா?" என்று கேட்கிறார். "வீட்டிலிருந்தே சம்பாதிக்கிற பிள்ளை எதுக்கு வெளிய அலையணும்" என்பது மாமியாரின் கேள்வி. "உன் இஷ்டம்" என்பது கணவரின் பதில்.

ஆலோசனை

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கேள்விகளில் பாதி சம்பளத்தையும் பாண்டையும் பற்றியவை. அவற்றுக்கு வருகிறேன். முதலில் அந்தக் கல்யாணக் கார்டைப் பற்றிப் பேசிவிடலாம். "அனுப்புறதுக்கு முன்னாடி இன்னொரு கண்ணு பார்த்திருந்தா இது நடந்திருக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். நிலையான சம்பளம், சொந்தக்காரர்கள் மத்தியில் மரியாதை, பேங்க் லோன் என்று நீங்கள் அடுக்கியிருக்கும் மற்ற காரணங்களைவிட எனக்கு இந்த ஒரு வரிதான் கனமாகப் படுகிறது. மற்றவற்றுக்கெல்லாம் வேறு வழியும் இருக்கிறது. இன்னொரு கண் வேண்டும் என்றால் இன்னொரு ஆள் வேண்டும், வேறு வழியில்லை. (பெண் வீட்டார் ஓகே சொன்ன ப்ரூஃபுக்கு முழுச் செலவையும் நீங்கள் ஏற்றிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பாதிக்குப் பாதி கேட்டிருக்கலாம். போகட்டும்.)

மனிதவளத் துறையில், ஆள் எடுக்கும் மேஜைக்கு அந்தப் பக்கம் நெடுநாள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தனியாக வேலை பார்த்துவிட்டு டீமுக்கு வருகிற டிசைனர்கள் தடுமாறுவது திறமைக் குறைவால் இல்லை. செயலித் திரைகளை வரையும் மென்பொருளான ஃபிக்மா உங்களுக்குத் தெரியாது என்று கவலைப்படுகிறீர்கள். கோரலில் இத்தனை வருஷம் பழகிய கை ஃபிக்மாவைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்ளும். மாற வேண்டியது வேலையைக் கைமாற்றிக் கொடுக்கும் பழக்கம்.

ஒரு உதாரணம். சிவகாசிக்கு ஃபைல் அனுப்பும்போது என்ன செய்வீர்கள்? எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கி, அதாவது திருத்த முடியாத வெறும் வடிவமாக மாற்றி, அனுப்புவீர்கள். அச்சகத்தில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டாலும் எழுத்து உடையாமல் பிளேட்டுக்குப் போக வேண்டுமே. அங்கே அது சரியான வழி, வேலை அத்தோடு முடிந்தது. டீமில் அதையே செய்தால் அடுத்த நாள் உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த முடியாமல் உட்கார்ந்திருப்பார். உங்கள் கம்ப்யூட்டரில் 'பைனல்', 'பைனல் 2', 'கடைசி பைனல்' என்று கிடக்கும் ஃபைல்களில் எது உண்மையான கடைசி என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். லேயருக்குப் பெயர் வைக்காமல் 'லேயர் 47' வரை போயிருப்பீர்கள். தனி ஆளுக்கு இதெல்லாம் குறையே இல்லை, நினைவில் ஓடும். ஆறு பேர் ஒரே ஃபைலைத் திறக்கிற இடத்தில் உங்கள் நினைவு யாருக்கும் உதவாது. சேருவதற்கு முன்பே, கையில் இருக்கும் ஒரு ஜவுளிக் கடை வேலையை, நீங்கள் இல்லாமலே இன்னொருவர் திறந்து விலையையும் தேதியையும் மாற்றும்படி ஒழுங்குபடுத்திப் பாருங்கள். எரிச்சல் வரும். அந்த எரிச்சல் எவ்வளவு என்பதைப் பார்த்தாலே டீம் வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

இன்னொரு மாற்றமும் இருக்கிறது. இதுவரை கடை முதலாளியிடமே நேராகப் பேசி, "அண்ணாச்சி, இந்தச் சிவப்பு வேண்டாம்" என்று சொல்லி முடித்திருப்பீர்கள். இனி என்ன தேவை என்று ஒருவர் எழுதிக் கொடுப்பார், நீங்கள் வரைவீர்கள், லீட் மாற்றுவார், அதைச் செயலியாக எழுதுகிறவர் "இது இரண்டு வாரம் இழுக்கும், எளிதாக்குங்கள்" என்பார். மூன்று நாள் யோசித்து வரைந்தது அரை மணி நேரக் கூட்டத்தில் காணாமல் போகும். கடைசிச் சொல் உங்களுடையதாக இருக்காது. இன்னொரு கண் வேண்டும் என்று கேட்டீர்கள். அந்தக் கண் உங்கள் எழுத்துப் பிழையை மட்டும் பார்த்துவிட்டு நகராது, உங்கள் ரசனையையும் கேள்வி கேட்கும். நீங்களும் மற்றவர்களின் வேலையைப் பார்த்து, மனம் நோகாமல், ஆனால் மழுப்பாமல் குறை சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். பல வருஷம் தனியாக இருந்தவர்களுக்குப் பிறரிடம் குறை கேட்பதைவிட இதுதான் சிரமம்.

27 வயது லீடைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். நம் ஊர் வழக்கப்படி அவர் முதல் நாளே உங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நீங்கள் அவரைத் தம்பி என்று கூப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டீக்கடையில் கூப்பிடுங்கள், கூட்டத்தில் பெயர் சொல்லுங்கள். மூத்தவர் என்ற உரிமையில் அவர் சொன்னதைத் தட்டிக் கழிப்பதும், சின்னப் பையன் சொல்லிவிட்டானே என்று மனதுக்குள் வைத்துக்கொள்வதும்தான் ஆபத்து.

45,000-மும் 45,000-மும்

இப்போதும் மாதம் 45,000, அங்கேயும் 45,000, பிறகு எதற்கு மாற வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கத்திலும் இந்த எண் கைக்கு வருவதில்லை. உங்கள் 45,000-இல் செலவு 7,000 போக 38,000 நிற்கிறது. அவர்கள் சொல்லும் சி.டி.சி.யில் நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கும், பெரும்பாலும் கிராஜுவிட்டிக்கான (பணிக்கொடை) ஒதுக்கீடும் அடங்கியிருக்கும். உங்கள் பங்கு பி.எஃப்., தொழில் வரி எல்லாம் பிடித்தபின் கையில் ஏறக்குறைய 40,000 வரலாம். பி.எஃப். முழுச் சம்பளத்துக்கா, 15,000 என்ற உச்சவரம்புக்கா என்பதைப் பொறுத்து இது மாறும். சம்பளப் பிரிவினையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இலந்தைக்குளம் உங்கள் வீட்டிலிருந்து ஊரின் மறு கோடி. வண்டி பெட்ரோல், மகளைப் பள்ளி முடிந்தபின் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, இரண்டும் செலவுதான். அந்தப் பக்கம் சேரும் வரவையும் எழுதுங்கள்: பி.எஃப். சேமிப்பு, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இருந்தால் அது, சம்பளத்தோடு கூடிய விடுப்பு, ஆடியிலும் அதே தொகை. கிராஜுவிட்டி மட்டும் வழக்கமாக ஐந்து வருஷம் முடித்தால்தான். உங்களுடையது குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்த வேலை என்றால் புதிய சட்டத்தில் ஒரு வருஷத்திலேயே தகுதி வரும். ஆகவே ஆஃபர் லெட்டரில் எந்த வகை நியமனம் என்று இருக்கிறது, பாருங்கள்.

மொத்தத்தில் பணத்தை மட்டும் பார்த்தால் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதனால் ஏற்றமா இறக்கமா என்ற கேள்விக்குச் சம்பளத்தில் பதில் தேடாதீர்கள். "வேலைக்குப் போய்விட்டால் பயம் இல்லை" என்ற நினைப்பையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். இப்போது ஒரு கஸ்டமர் போனால் உங்கள் வருமானத்தில் ஒரு பங்குதான் போகும். அங்கே ஒரே ஒரு கடிதத்தில் முழுவதும் நிற்கலாம். மூன்று மாதச் செலவைத் தனியாக ஒதுக்கிவிட்டுச் சேருவது நல்லது.

சான்றிதழ் இல்லாத அனுபவம்

"என் ஒன்பது வருஷத்துக்கு யாரும் சர்டிபிகேட் தர மாட்டாங்க" என்பது பாதிதான் உண்மை. ஒரே முதலாளி எழுதித் தரும் அனுபவச் சான்றிதழ் உங்களுக்குக் கிடைக்காது. சுயதொழில் செய்தவரின் பின்னணியைச் சரிபார்ப்பவர்கள் கேட்பது வேறு: பில்கள், வங்கிக் கணக்கு அறிக்கை, வாடிக்கையாளர் லெட்டர் பேடில் ஒரு கடிதம், வருமான வரி ரிட்டர்ன். பள்ளியும் பெரிய ஜவுளிக் கடையும் உங்களுக்குப் பணம் தரும்போது டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால், அது உங்கள் பான் எண்ணில் பதிவாகியிருக்கும். வருமான வரித் தளத்தில் நுழைந்து பாருங்கள், எந்த வருஷம் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பதிவே ஒரு சாட்சி.

ரிட்டர்ன் விஷயத்தில் உங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. "வரி கட்டுற அளவு வருமானம் இல்லை, அதனால் போடவில்லை" என்கிறீர்கள். வரி கட்டுவது வேறு, ரிட்டர்ன் தாக்கல் செய்வது வேறு. தள்ளுபடியால் வரி பூஜ்யம் ஆகலாம், ஆனால் மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினாலே தாக்கல் செய்தாக வேண்டும். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு அந்த வரம்பு 4 லட்சம். செலவு போகவே உங்களுக்கு 4.56 லட்சம் வருகிறது. பழைய வருஷங்களில் எதை, எப்படிச் சரிசெய்ய முடியும் என்று ஓர் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுக் கடனுக்காகத்தானே வேலைக்குப் போக நினைக்கிறீர்கள்? ரிட்டர்ன் ஒழுங்காக இருந்திருந்தால் ஃப்ரீலான்ஸராகவே பேங்கில் பேசியிருக்கலாம்.

அனுப்பியிருந்த போர்ட்ஃபோலியோவைப் பார்த்தேன். கார்டுகள், ஃப்ளெக்ஸ், மேலும் கார்டுகள். அழகாக இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கையைக் காட்டி யாரையும் அசைக்க முடியாது. கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: மெஸ் முதலாளி மட்டன் சுக்கா படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னார், நீங்கள் ஒரு மத்தியானம் கல்லாப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, பார்சல் விலையைத் தனியே பிரித்து, பைக்கில் இருந்தபடியே படிக்கும் உயரத்தில் ஒரு பலகை வைத்தீர்கள், கல்லாவில் விலை கேட்கும் கூட்டம் குறைந்தது. இதைத்தான் முதல் பக்கத்தில் வைக்க வேண்டும்! என்ன சிக்கல், என்ன பார்த்தீர்கள், ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்று நாலைந்து வேலைகளைப் பற்றி எழுதினால் போதும்.

தமிழும் உங்கள் பலம். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் அடித்த மேட்டரைப் போனில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்பதை எத்தனை முறை யூனிகோடுக்கு மாற்றியிருப்பீர்கள்! ஆங்கிலத்தை வைத்து அளவெடுத்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது என்பதும், வரி இடைவெளியை இறுக்கினால் மேலே இகரத்தின் வளைவும் கீழே 'கூ', 'மூ' வகை எழுத்துகளின் சுழியும் வெட்டுப்படும் என்பதும் உங்கள் கைக்கே தெரியும். தமிழ்நாட்டு மக்கள் பயன்படுத்தப் போகும் செயலியைச் செய்கிற டீமில் இதை அறிந்தவர் ஒருவர் இருப்பது அவர்களுக்கு நேரடி ஆதாயம். சம்பளம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காமல் அவர்களாகக் கூட்டித் தர மாட்டார்கள்.

கையெழுத்துக்கு முன்

பாண்ட் செல்லவே செல்லாது என்று யூடியூபில் சொல்வதை நம்பி கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வங்கி ஆள் தேர்வுக்காகச் செய்யும் செலவும் நடைமுறையும் அந்தத் தீர்ப்பில் கருதப்பட்டன. அதற்காக எல்லா பாண்டும் அப்படியே செல்லும் என்றும் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கோர முடியும். உங்களுக்குப் பயிற்சி என்று தனியாக எதுவும் தராமல் இரண்டு லட்சம் கேட்டால் வாதாட இடம் இருக்கிறது. ஆனால் வழக்காடி ஜெயிப்பதைவிட இப்போது பேசிக் குறைப்பது சுலபம். ஒரு வருஷமாகக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மாதம் கூடக் கூடத் தொகை குறைந்துகொண்டே வரும்படி எழுதச் சொல்லுங்கள். அவர்களே உங்களை நீக்கினால் பாண்ட் பொருந்தாது என்ற ஒரு வரியும் இருக்கட்டும்.

ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்க வேண்டாம். சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தரட்டும், நகல் வைத்துக்கொள்ளட்டும். படிப்புச் சான்றிதழை அடகுப் பொருள் போல் பிடித்து வைக்க முடியாது என்பதைக் கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த ஒரு நிபந்தனையில் நிறுவனம் விடாப்பிடியாக நின்றால் நானாக இருந்தால் சேர மாட்டேன். மற்றவற்றில் விட்டுக்கொடுக்கலாம். சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிற இடம், பிறகு விடுப்புக் கேட்டாலும் அதே மனப்பான்மையோடுதான் நடக்கும்.

நியமனக் கடிதம் கையில் வரட்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதைக் கொடுப்பதை நிறுவனத்தின் கடமையாக்கியிருக்கின்றன. நீங்கள் கேட்பது தயவு இல்லை.

வரைந்தது யாருக்குச் சொந்தம் என்பதிலும் உங்கள் நினைப்பு கொஞ்சம் பிசகியிருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையில் இருந்துகொண்டு வேலைக்காக வரைந்ததற்கு முதல் உரிமையாளர் நிறுவனம்தான், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். உங்கள் போர்ட்ஃபோலியோவில் போட அனுமதி வேண்டும் என்றால், வெளியான வேலைகளைக் காட்டிக்கொள்ளலாம் என்று இப்போதே ஒரு வரி கேட்டு வாங்குங்கள். ஃப்ரீலான்ஸாகச் செய்த பழைய வேலைகளில் நிலைமை வேறு. உரிமையை எழுதிக் கொடுக்காதவரை பொதுவாக அது உங்களிடம் இருக்கும், என்றாலும் காசு வாங்கிக்கொண்டு வரைந்த ஓவியம், எடுத்த புகைப்படம் போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. அதை வைத்துப் பழைய கடைக்காரர்களிடம் வம்புக்குப் போக வேண்டாம். புதிய நிறுவனத்தின் படிவத்தில், சேருவதற்கு முன் செய்தவை இதில் அடங்கா என்று எழுதி, முக்கியமானவற்றின் பட்டியலை இணையுங்கள்.

பழைய கடைகளும் பழைய பாக்கியும்

ராத்திரி பத்து மணிக்கு மேல் வெளிவேலை செய்துகொள்ளலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மதுரையில் தெரியும். நீங்கள் வரைந்த தீபாவளி ஃப்ளெக்ஸ் விளக்குத்தூண் பக்கம் தொங்கும்போது உங்கள் லீடின் அம்மா அங்கேதான் புடவை எடுத்துக்கொண்டிருப்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேலையில் இருக்கும் காலத்தில் வெளிவேலை கூடாது என்ற நிபந்தனை சட்டப்படி செல்லுபடியாகக்கூடியது, மீறினால் வேலை போகலாம். வேலையை விட்டபிறகும் இந்தத் துறையில் வேறெங்கும் பணியாற்றக் கூடாது என்று எழுதியிருந்தால் அது ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின் முன் நிற்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மறைப்பதற்குப் பதில் கேட்டுவிடுங்கள். கையில் இருக்கும் ஜவுளிக் கடை வேலையையும் பள்ளி ஆண்டு மலரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இன்ன தேதிக்குள் முடித்துவிடுகிறேன் என்று எழுத்தில் அனுமதி கேட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் தரும். மெஸ்களையும் கார்டு வேலையையும் உங்கள் கோரிப்பாளையம் தோழியிடம் அறிமுகப்படுத்தி விட்டுவிடலாம். அவரோடு சேர்ந்து சின்ன ஸ்டுடியோ போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடலாம். ஆனால் அங்கே நீங்கள் வரைவது குறைந்து, பில் போடுவதும் பாக்கி வசூலிப்பதும் கூடும். 2.3 லட்சத்தை வெளியே நிற்கவிட்டவர் என்பதால் தயங்குகிறேன்.

அந்தப் பாக்கியை இந்த வாரமே கையில் எடுங்கள். வேலைக்குப் போனபின் அதைத் துரத்த நேரமிருக்காது. பணத்தை வழக்குப் போட்டு வசூலிக்கப் பொதுவாக மூன்று வருஷம்தான் காலவரம்பு. பள்ளி தர வேண்டிய 90,000-இல் ஒரு பகுதி இரண்டரை வருஷத்துப் பழசு என்கிறீர்கள். காலவரம்பு முடியும் முன், இவ்வளவு பாக்கி இருக்கிறது என்று அவர்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் கணக்கு அன்றிலிருந்து மறுபடி தொடங்கும். கரஸ்பாண்டென்டிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பில் வாரியாக ஒரு கணக்கறிக்கை அடித்து எடுத்துப்போய், சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், வருஷக் கணக்கை முடிக்கிறேன் என்று காரணம் சொன்னால் போதும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அதில் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற பாதுகாப்பும் தாமதத்துக்கு வட்டியும் உண்டு. ஃப்ரீலான்ஸில் தொடர்ந்தால் கட்டாயம் பதிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே நிற்கும் பாக்கிக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

என் பார்வையில் நீங்கள் சேரலாம், ஆனால் இப்போதுள்ள நிபந்தனைகளோடும் இந்தத் தேதியிலும் வேண்டாம். 15 நாள் அவகாசம் என்பது பெரும்பாலும் பேச்சுவார்த்தைக்குத்தான். தீபாவளி வேலைகளைப் பாதியில் விட்டுப் போனால் ஒன்பது வருஷ நல்ல பெயர் போய்விடும், வருஷத்தின் பெரிய வருமானமும் போகும். தீபாவளி முடிந்த அடுத்த திங்கட்கிழமை சேருகிறேன் என்று சொல்லுங்கள். மாற்றாக, முதல் மூன்று மாதம் ஒப்பந்த முறையில், வாரத்தில் மூன்று நாள் அலுவலகத்துக்கே வந்து அந்த டீமோடு வேலை செய்கிறேன், இருவருக்கும் பிடித்தால் நிரந்தரம் என்றும் கேட்டுப் பார்க்கலாம். தேர்வுக்காக நான்கு நாள் சம்பளமில்லாமல் செயலித் திரைகள் வரைந்து கொடுத்திருக்கிறீர்கள், அதனால் இப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த மூன்று மாதத்தில் மகளின் பள்ளி நேரம், பயணம், மாமியாரின் உடல்நலம் எல்லாம் எப்படி ஈடுகொடுக்கின்றன என்பதும் தெரிந்துவிடும். கணவரிடமும் "உன் இஷ்டம்" என்பதற்கு மேல் ஒரு பதில் வாங்குங்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளையை யார் கூட்டிவருவது என்று நேரடியாகக் கேட்டால் இஷ்டம் பற்றிய பேச்சு நின்று ஏற்பாடு பற்றிய பேச்சு தொடங்கும்.

பாண்ட், சான்றிதழ், சேரும் தேதி, பழைய வேலைகளுக்கான அனுமதி ஆகிய நான்கையும் ஒரே மெயிலில் எழுதிக் கேளுங்கள். போனில் "பார்த்துக்கலாம் மேடம்" என்று சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் திருத்தி அனுப்பும் ஆஃபர் லெட்டரில் பாண்ட் பத்தியின் வாசகம் புரியாவிட்டால், கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.